காப்பிரைட் "வாங்க" வேண்டியதில்லை: இராமநாதபுரம் கடற்கரைப் படைப்பாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு எழுதிய நோட்டுடனோ படங்கள் ஏற்றிய பென் டிரைவுடனோ எங்கள் கணினி மையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "இதுக்கு காப்பிரைட் வாங்கணும்." நிலத்துக்குப் பட்டா வாங்குவது போலவும் விசைப்படகுக்குப் பதிவு எண் வாங்குவது போலவும் இதையும் ஏதோ ஓர் அலுவலகம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்கிறபடி, படைப்பு ஒரு வடிவம் பெற்ற கணத்திலேயே, அதாவது தாளில் எழுதி முடித்ததும் கேமராவில் பதிந்ததும், உரிமை படைத்தவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. யாரிடமும் வாங்கத் தேவையில்லாத அந்த உரிமையைப் படித்துப் பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பதிவு செய்யும் முறையைவிட, உள்ளதைக் கைவிடாமல் இருக்கும் முறைக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பலரும் "காப்புரிமை" என்று சொல்வது உண்மையில் பதிப்புரிமையைத்தான். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. 1970ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, ஆய்வு முடிந்து, வழங்கப்பட்ட பிறகே அது கிடைக்கும். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் பெற்ற புவிசார் குறியீடு மூன்றாவது வகை. கடைப் பெயருக்கும் சின்னத்துக்கும் உள்ள வணிகக்குறி நான்காவது. "என் ஓட்டலின் பெயருக்குக் காப்பிரைட் வேண்டும்" என்று வருகிறவரை வணிகக்குறி விண்ணப்பத்துக்கு அனுப்பிவைப்பதே சரி, ஏனென்றால் வெறும் பெயருக்கும் தலைப்புக்கும் பதிப்புரிமை கிடையாது.

எது உங்களுடையது, எது ஊருக்குப் பொது

கதை, கவிதை, கட்டுரை, நாடகம், இசையமைப்பு, ஓவியம், நிழற்படம், வரைபடம், கணினி நிரல், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவை சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகின்றன. தரம் உயர்ந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. பிறரைப் பார்த்து எழுதாமல், சொந்த அறிவையும் தேர்வையும் சிறிதளவேனும் செலுத்திச் செய்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது. கருத்துக்கும் செய்திக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை வைத்து யார் வேண்டுமானாலும் நாவல் எழுதலாம். அந்தப் புயல் எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் எழுதிய நாவலின் வாக்கியங்களையும், நீங்கள் உருவாக்கிய பாத்திரங்களையும் காட்சிகளின் கோவையையும் இன்னொருவர் அப்படியே எடுத்தாண்டால் அது உரிமை மீறல். அதேபோல நண்டு ரசம் வைக்கும் முறை பொது. அதை நீங்கள் எழுதிய குறிப்பும் எடுத்த காணொளியும் உங்களுடையவை.

இதற்குள் பனையோலைப் பெட்டி முடைபவர்களும் சிப்பிப் பொருள் செய்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு பொறி உண்டு. பொருளின் வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றை அப்படிப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால் அதன்மீதான பதிப்புரிமை முடிந்துபோகும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 15 கூறுகிறது. புதிய வடிவத்தில் விளக்கு மறைப்போ பெட்டியோ செய்து இராமேசுவரம் கடைகளுக்கு மொத்தமாக அனுப்பப் போகிறவர், அதைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துவிட வேண்டும். கண்காட்சியில் வைத்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் புதுமை போய்விட்டது என்ற காரணத்தால் அதுவும் கிடைக்காமல் போகக்கூடும்.

அம்பாப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பாட்டுக்குள் நான்கு வெவ்வேறு உரிமை நிலைகள் அடுக்கடுக்காக இருப்பதை இது காட்டிவிடும். அம்பா என்பது மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு. கரைவலை இழுக்கும் இடத்தில் ஆட்கள் இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பின்னோக்கி இழுக்கிறார்கள். வயதில் மூத்த ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாடுகிறார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் வேகமும் கூடுகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தலைமுறைகளாக வரும் பழைய அடிகளுக்கு உரிமையாளர் எவரும் இல்லை. அவற்றை யாரும் பாடலாம், யாரும் அச்சிடலாம். ஆனால் முன்பாட்டு எடுத்தவர் டீசல் விலையையும் திரும்பி வராத படகையும் பற்றித் தாமே கட்டிச் சேர்த்த நான்கு அடிகள் அவருடைய இலக்கியப் படைப்பாகும். அடுத்து, பாட்டு பழையதாகவே இருந்தாலும், பாடியவர் என்ற முறையில் அவருக்கு "நிகழ்த்துநர் உரிமை" உண்டு. பிரிவு 38இன்படி அது 50 ஆண்டுகள் நீடிக்கும். (சட்டம் நிகழ்த்துநர் பட்டியலில் நடிகர், பாடகர், நடனக்காரர் ஆகியோருடன் கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.) நான்காவதாக, அந்த ஒலிப்பதிவின்மீதான உரிமை, பதிவு செய்யும் பொறுப்பை ஏற்று அதைச் செய்தவருக்குப் போகிறது. ஆகவே வெளியூர்க்காரர் "பதிவு என்னுடையது" என்று சொல்வதில் தவறில்லை. "பாட்டு என்னுடையது" என்று சொன்னால் தவறு. பாடியவரின் ஒப்புதல் இல்லாமல் அதை விற்றாலும் தவறு.

பாடுகிறவர் செய்ய வேண்டியது மிக எளிது. கைபேசியை நீட்டும் முன்பே ஒரு தாளில் இவ்வளவு எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும்: "இன்ன தேதியில் இன்ன கடற்கரையில் நான் பாடிய பாட்டை, கல்வி ஆய்வுக்காக மட்டும் பதிவு செய்ய ஒப்புக்கொள்கிறேன். விற்பனைக்கோ, திரைப்படத்துக்கோ, விளம்பரத்துக்கோ பயன்படுத்துவதானால் என்னிடம் தனியாக எழுத்தில் அனுமதி பெற வேண்டும். வெளியிடும் இடத்தில் என் பெயரும் ஊரும் குறிப்பிடப்பட வேண்டும்." பேனா இல்லையென்றால் இதே சொற்களை அந்தப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட தாளுக்கு உள்ள வலு அதற்கு இல்லை என்றாலும், ஒன்றுமே இல்லாததைவிட மேல். திரைப்படத்துக்கென்று எழுத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டால், மாற்றாக ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் படத்தில் பாட்டைப் பயன்படுத்துவதை நிகழ்த்துநர் பிறகு தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கான ராயல்டியை மட்டுமே கேட்கலாம். அதனால் "திரைப்படம்" என்ற சொல் தாளில் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

படம் எடுத்தவரா, பணம் கொடுத்தவரா

என் தம்பி மகன் தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரை விடியற்காலையில் எடுத்த படம் ஒன்று, அடுத்த ஆண்டே ஒரு தங்கும் விடுதியின் விளம்பரப் பலகையில் பத்தடி அகலத்தில் நின்றது. சுவரின் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கையைக்கூட அவர்கள் அழிக்கவில்லை. மூலையில் இருந்த அவன் பெயரை மட்டும் கவனமாக வெட்டியிருந்தார்கள். "நெட்டில் கிடந்தது" என்பதே அவர்களின் பதில். இணையத்தில் கிடப்பதால் எதுவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. கேமராவிலிருந்து இறக்கிய மூலக் கோப்பு, படம் எடுத்த தேதியும் கேமரா விவரமும் உள்ளே பதிந்தபடி அவனிடம் அப்படியே இருந்ததால், வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்றிலேயே பலகை இறங்கியது. பணம் கிடைக்கவில்லை, அதற்கு வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது, அவன் தொடுக்கவில்லை. பொதுவெளியில் நிற்கும் கட்டடத்தைப் படம் எடுப்பது குற்றமல்ல என்று பிரிவு 52 சொல்வதால், அவன் எடுத்ததில் எந்தச் சிக்கலும் எழவில்லை.

தன் விருப்பத்துக்கு எடுத்த படம் எடுத்தவருடையது. ஆனால் பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட நிழற்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. கீழக்கரையில் ஒரு நிக்காஹ்வுக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோ அதை மாதிரி ஆல்பமாகக் கடை வாசலில் வைக்க நினைத்தால் குடும்பத்தாரிடம் முன்பே எழுதி வாங்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாகச் செய்தது நிறுவனத்துக்குப் போகும். வேலை நேரத்துக்கு வெளியே எழுதிய கவிதை போகாது.

எத்தனை ஆண்டு?

இலக்கியம், இசை, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றுக்குப் படைத்தவரின் ஆயுள்காலமும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து 60 ஆண்டுகளும் கணக்கு. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2015 சூலையில் மறைந்தார். அவர் தனியாக எழுதிய நூல்களுக்கு உரிமை 2075 டிசம்பர் முடியும்வரை நீடிக்கும். பள்ளி ஆண்டு மலரில் அவர் நூலிலிருந்து இரண்டு வரி மேற்கோள் காட்டுவதும், ஓர் அத்தியாயத்தை முழுவதுமாக அச்சிடுவதும் ஒன்றல்ல. மாறாக, பாம்பன் சுவாமிகள் 1929இல் சமாதி அடைந்தவர். அவருடைய பாடல்களை இன்று எவரும் அச்சிடலாம். ஆனால் அதே பாடலை ஒரு பாடகர் அண்மையில் பாடி வெளியிட்ட ஒலிநாடாவையோ குறுந்தகட்டையோ படியெடுப்பது வேறு விஷயம். பாட்டு பொது, பதிவு பொதுவல்ல. தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு: அரசு பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்குவது. அப்படி ஆக்கப்பட்ட நூல்களை 60 ஆண்டு முடியும்வரை காத்திராமல் யாரும் வெளியிடலாம்.

எழுதிக் கொடுக்கும் முன்

பதிப்பகமோ, யூடியூப் சேனலோ, ஒலிப்பதிவு நிறுவனமோ நீட்டும் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள்: எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். ஆண்டு குறிப்பிடப்படவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், நாடு குறிப்பிடப்படவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்கிறது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை, அது படைத்தவரிடமே திரும்பிவிடும். இந்தப் பாதுகாப்புகளையெல்லாம் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற ஒரே வரி தள்ளிவைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இருந்தால் அந்த வரியை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். என் ஆலோசனை எப்போதும் ஒன்றே: உரிமையை மாற்றிக் கொடுக்காதீர்கள், உரிமம் கொடுங்கள். மாற்றம் என்பது வீட்டை விற்பது போன்றது, உரிமம் வாடகைக்கு விடுவது போன்றது. எதை எழுதிக் கொடுத்தாலும், படைத்தவர் தாம் என்று உரிமை கோருவதும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுப்பதும் பிரிவு 57இன்படி அவரிடமே எஞ்சியிருக்கும்.

பதிவு செய்வது எப்படி

பதிவு கட்டாயமில்லை, ஆனால் நீதிமன்றத்தில் பதிவேட்டின் விவரம் முதல்நிலைச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கப்படும்வரை உண்மையாக, ஏற்கப்படும். எனவே விற்கப் போகும் படைப்புகளையாவது பதிந்து வைப்பது நல்லது. தில்லி துவாரகாவில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு நேரில் போகத் தேவையில்லை. அதன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவம் 14ஐ நிரப்பினால் போதும். இலக்கியம், இசை, ஓவியம் போன்றவற்றுக்குப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், சரக்கின்மேல் பயன்படுத்தும் ஓவியத்துக்கு 2,000, ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000 ரூபாய் கட்டணம்.

படிவத்தில் தவறு நேரும் இடங்கள் சிலவே. "வெளியிடப்பட்டதா" என்ற கட்டத்தில் முகநூலில் போட்டதை மறந்து "இல்லை" என்று எழுதுகிறார்கள். முதலில் வெளியான ஆண்டையும் நாட்டையும் சரியாகக் குறிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றால் எழுதியவரின் தடையில்லாக் கடிதம் தேவை. கருவாட்டுப் பொட்டலத்தின் மேலட்டைப் படம் போலச் சரக்கில் பயன்படும் ஓவியமானால், அதே சின்னம் வணிகக்குறியாகப் பதிவாகவில்லை என்று வணிகக்குறிப் பதிவாளரிடம் சான்று பெற்று இணைக்க வேண்டும். அனுப்பியதும் ஒரு டைரி எண் வரும். அதன்பின் 30 நாள்கள் மறுப்புக்காகக் காத்திருப்பார்கள். பிறகு ஆய்வாளர் பார்ப்பார், குறை இருந்தால் கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்து, யாரும் திறந்து பார்க்காததால் கெட்டுப்போன விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல், நாள்தோறும் நீங்கள் பார்க்கும் முகவரியையே கொடுங்கள்.

எழுதியதை உறையிலிட்டுத் தமக்குத் தாமே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சட்டத்தில் அதற்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. தேதியைக் காட்டும் பல சான்றுகளில் ஒன்று, அவ்வளவே.

பிறர் படைப்பை நாம் பயன்படுத்தும்போது

தனிப்பட்ட வாசிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனத்துக்கும், நடப்புச் செய்திக்கும், வகுப்பில் பாடம் நடத்துவதற்கும் நியாயமான அளவில் எடுத்தாளலாம். கோயில் திருவிழாவிலும் ஏர்வாடிச் சந்தனக்கூட்டிலும் மாதா திருநாளிலும் சமயச் சடங்கின் பகுதியாக ஒலிக்கும் பாட்டுக்கு அனுமதி தேவையில்லை. திருமண ஊர்வலமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் இந்த விலக்கில் அடங்கும் என்று பிரிவு 52 வெளிப்படையாகவே சொல்கிறது. கடலோர விடுதி கட்டணம் வாங்கி நடத்தும் புத்தாண்டு இரவுக்கு இந்த விலக்கு பொருந்தாது; அங்கே உரிமம் வேண்டும். பாக் நீரிணைக்கு அக்கரையில் வெளியாகும் நூல்களையும் பாட்டுகளையும் "வெளிநாட்டுச் சரக்கு" என்று நினைத்துப் படியெடுப்பவர்கள் உண்டு. இந்தியாவும் இலங்கையும் பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் உள்ள நாடுகள் என்பதால், யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட கவிதைக்கு இங்கே நம்மூர்க் கவிதைக்கு உள்ள அதே பாதுகாப்பு இருக்கிறது.

உங்களுடையதை ஒருவர் எடுத்துவிட்டால்

கோபத்தில் முதலில் தொலைபேசியை எடுக்காதீர்கள். எடுத்தவர் உடனே அழித்துவிட்டால் சான்றும் அதோடு போய்விடும். இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, பலகையோ பொட்டலமோ ஆனால் படம் எடுத்து, முடிந்தால் ஒன்றை விலைக்கு வாங்கி ரசீதுடன் வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் பிரிவு 63இன்கீழ் ஒரு சான்றிதழ் தேவைப்படும். வழக்கறிஞர் அதைத் தயாரித்துத் தருவார். இணையத் தளத்தில் என்றால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். புகார் விதிப்படி இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் அதை மறுபடி திறந்துவிடலாம். பலர் முதல் வெற்றியோடு நின்றுவிட, படம் நான்காவது வாரம் திரும்ப வந்துவிடுகிறது.

வழக்குக்காகச் சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று பிரிவு 62 அனுமதிக்கிறது. தடையாணையும் இழப்பீடும் அங்கே கேட்கலாம். தெரிந்தே செய்த மீறல் குற்றமும் ஆகும்: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க, பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதையே மிரட்டலாக வைத்து, உரிமையே இல்லாத ஒருவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினால், அந்த மிரட்டல் ஆதாரமற்றது என்று அறிவிக்கக் கோரி நீங்களும் நீதிமன்றம் போகலாம். பிரிவு 60 அதற்கே இருக்கிறது.

வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. போகும்போது மூலக் கோப்பு உள்ள மெமரி கார்டையோ அடித்தல் திருத்தலுடன் கூடிய கையெழுத்து நோட்டையோ எடுத்துச் செல்லுங்கள். சுத்தமாகத் தட்டச்சு செய்த படியைக் கொண்டுவந்துவிட்டு, அடித்து எழுதிய நோட்டை வீட்டில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன் என்று சொன்னவர்களும் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள்.